மெஷின் போதும், ஆர்டர் கொடுங்கள்: இலவச நாப்கின் திட்டங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியோருக்கு,

வணக்கம்.

நாப்கின் வாங்க வசதி இல்லாத பெண்களுக்கு அதை இலவசமாகக் கொடுக்கும் திட்டங்களை நடத்துகிறவர்களுக்கும், அவற்றுக்குப் பணம் ஒதுக்குகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நீங்கள் அரசுத் துறையாக இருக்கலாம், அறக்கட்டளையாக இருக்கலாம், அகதி முகாமில் வேலை செய்யும் சர்வதேச அமைப்பாக இருக்கலாம், ஒரே ஒரு பள்ளிக்கு உதவ நினைக்கும் சிறு சங்கமாகக்கூட இருக்கலாம். எதை வாங்குவது, யாரிடம் வாங்குவது என்று முடிவு செய்கிற இடத்தில் இருக்கிறீர்கள். நான், துவைத்துத் திரும்பப் பயன்படுத்தும் துணி நாப்கின் தைக்கிற ஒரு பெண்கள் குழுவில் இருக்கிறேன். துணி வெட்டுவது, தைப்பது, கணக்கு எழுதுவது, பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளைகளிடம் பேசுவது என்று எல்லா வேலையும் நாங்களே பார்க்கிறோம்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களைப் போன்ற குழுக்களுக்கு மேலும் மேலும் தையல் மெஷின் வாங்கித் தராதீர்கள். நாங்கள் தைப்பதை வாங்குங்கள். விழாவுக்கு ஒரு தடவை வாங்கினால் போதாது. இந்த ஆண்டு இத்தனை செட், அடுத்த ஆண்டு இத்தனை செட் என்று எழுத்தில் கொடுத்து, தரம் பார்த்து, பணத்தை நேரத்துக்குத் தந்து வாங்குங்கள். ஒவ்வொரு செட்டோடும் அதைத் துவைக்கவும் காயவைக்கவும் வேண்டியதைச் சேர்த்துக் கொடுங்கள்.

ஏன் இப்படிக் கேட்கிறோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் எண்ணிக்கை. மாதவிடாய் நாட்களைச் சமாளிக்கத் தேவையான பொருளும் கழிப்பறை வசதியும் உலகத்தில் குறைந்தது 50 கோடிப் பேருக்குச் சரியாகக் கிடைப்பதில்லை என்று உலக வங்கி மதிப்பிட்டிருக்கிறது. பேரிடர்ப் பகுதிகளிலும் அகதி முகாம்களிலும் உதவி செய்வோர் பின்பற்றும் ஸ்பியர் தரநிலைகள், 2018ஆம் ஆண்டுப் பதிப்பில், ஒரு பெண்ணுக்கு மாதம் 15 நாப்கின் என்று கணக்கு வைக்கின்றன. ஆண்டுக்கு 180. இதை வைத்துக்கொண்டு நடப்பில் உள்ள ஒரு திட்டத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டின் புது யுகம் திட்டம் 2011இல் அறிவிக்கப்பட்டது. வளரிளம் பெண்களுக்கு இலவசமாக நாப்கின் தந்த முன்னோடித் திட்டங்களில் அதுவும் ஒன்று. அதில் ஒரு பெண்ணுக்கு இரண்டு மாதத்துக்கு 3 பாக்கெட், பாக்கெட்டுக்கு 6 நாப்கின். மாதம் 9 வருகிறது. ஐந்து நாளைக்கு வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு இரண்டுகூட இல்லை. நாலைந்து மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். மீதி நேரத்துக்கு அந்தப் பெண் என்ன செய்வாள்? ஒன்றையே நாள் முழுக்க வைத்திருப்பாள். இல்லாவிட்டால் வீட்டில் கிடக்கும் பழைய துணியை எடுப்பாள்.

அந்தத் திட்டத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கி எறியும் பொருளை, மாதாமாதம், ஒவ்வொருத்திக்கும், போதுமான அளவு கொண்டுபோய்ச் சேர்ப்பது எந்த அரசுக்கும் பெரிய வேலைதான். வண்டி வராத மாதம், ஸ்டாக் இல்லாத மாதம், பள்ளி விடுமுறை மாதம் என்று ஏதாவது ஒன்று வந்துவிடும். மாதவிடாய் அந்த மாதமும் வரும்.

இந்தியாவில் 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 24 வயது வரையுள்ள பெண்களில் 64 சதவீதம் பேர் நாப்கின் பயன்படுத்துவதாகவும் 50 சதவீதம் பேர் துணி பயன்படுத்துவதாகவும் சொன்னார்கள். கூட்டினால் நூறைத் தாண்டுகிறது, ஏனென்றால் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிற பெண்கள் ஏராளம். கையில் நாப்கின் இருக்கிற வரைக்கும் நாப்கின், தீர்ந்த பிறகு துணி. வெளியே போகும்போது நாப்கின், வீட்டில் இருந்தால் துணி. ஆகவே துணிக்காலம் முடிந்துவிட்டது என்று நினைத்துத் திட்டம் தீட்டுவது சரியாகாது. துணி இருக்கிறது. அது என்ன துணி, எப்படித் துவைத்தது, எங்கே காய்ந்தது என்பதில்தான் நீங்களும் நாங்களும் ஏதாவது செய்ய முடியும்.

அதே ஸ்பியர் தரநிலைகளில், துவைத்துப் பயன்படுத்தும் நாப்கின் என்றால் ஆண்டுக்கு 6 என்று இருக்கிறது. 180 எங்கே, 6 எங்கே. ஒரு முறை ஒழுங்காகக் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் அந்தப் பெண் அடுத்த மாதம் யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. குப்பையும் குறையும். இந்தக் குப்பை விஷயத்தில் ஒரு எண்ணை மட்டும் சொல்கிறேன்: உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2024இல் வெளியிட்ட கணக்குப்படி, உலகில் 31 சதவீதப் பள்ளிகளில்தான் பெண்கள் கழிப்பறையில் நாப்கின் போடத் தொட்டி இருக்கிறது. தொட்டி இல்லாத பள்ளிக்குத் தூக்கி எறியும் நாப்கினை அனுப்புகிறவர்கள், அதை அந்தப் பிள்ளை எங்கே தூக்கி எறிவாள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

சரி, நல்ல துணி நாப்கின் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், "இது தையல் தெரிந்த எவரும் செய்யக்கூடிய வேலைதானே, ஒரு பயிற்சி கொடுத்தால் போதும்" என்ற எண்ணம் உங்களில் பலருக்கு இருக்கிறது.

அதில் மூன்று அடுக்கு. உடம்பில் படும் மேல் அடுக்கு மென்மையான பருத்தி ஃபிளானல். நடுவில் ஈரத்தை உறிஞ்ச இரண்டு மூன்று மடிப்பு ஃபிளானலோ டெரி டவல் துணியோ. அடியில் கசிவைத் தடுக்கும், பாலியூரித்தேன் பூசிய மெல்லிய துணி. தொழிலில் இருப்பவர்கள் பி.யு.எல். என்பார்கள். இரண்டு பக்கமும் இறக்கை, பூட்டுவதற்கு பிரஸ் பட்டன். பார்த்தால் இவ்வளவுதான். தைக்க உட்கார்ந்தால்தான் தெரியும். பருத்தித் துணியை வெட்டும் முன்பே துவைத்துக் காயவைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே மேல் துணி சுருங்கும், அடித்துணி சுருங்காது, நாப்கின் ஓரமெல்லாம் சுருண்டுகொள்ளும். அடித்துணியின் நடுவில் ஊசி போகவே கூடாது. ஒவ்வொரு ஊசித் துளையும் கசிவுக்கு வழி. அதனால் உறிஞ்சும் அடுக்கை மேல் துணியோடு மட்டும் சேர்த்துத் தைத்துவிட்டு, அடித்துணியை ஓரத்தில் மட்டும் பிடிக்க வேண்டும். பருத்தி நூல் ஈரத்தை இழுத்து வெளியே கொண்டுவரும், பாலியஸ்டர் நூல்தான் ஆகும். பட்டன் கொஞ்சம் தள்ளி விழுந்தால் இறக்கை தொளதொளவென்று நிற்கும், நடக்கும்போது நாப்கின் நகரும். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு அது நகர்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவையும் ஒரே சீராகச் செய்ய ஒரு பெண் நூற்றுக்கணக்கில் தைத்துப் பழக வேண்டும். நூற்றுக்கணக்கில் தைக்க ஆர்டர் வேண்டும். இரண்டு மூன்று நாள் பயிற்சியில் சான்றிதழ் கிடைத்துவிடும், கைப்பழக்கம் கிடைக்காது.

இந்தத் தொழிலில் இருக்கிற பலரும் பார்த்த ஒரு நிகழ்வு உண்டு. ஒரு திட்டம் வரும். மெஷின் வரும், கட்டிங் டேபிள் வரும், பயிற்சியாளர் வருவார். திறப்பு விழா நடக்கும். மே 28, உலக மாதவிடாய்ச் சுகாதார நாள், 2014இலிருந்து கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த நாளுக்காக முதல் தொகுதியை அந்த அமைப்பே வாங்கிக்கொள்ளும். அதற்கப்புறம் வாங்க ஆள் இருக்காது. வீடு வீடாக விற்கச் சொல்வார்கள். வாங்க வேண்டிய பெண்ணிடம் காசு இல்லை என்பதுதானே பிரச்சினையே? அவளிடமே கொண்டுபோய் எப்படி விற்பது? இதற்கிடையில் வேறொரு அமைப்பு, சில நேரம் அதே அமைப்பு, பெரிய கம்பெனியிடம் லாரி லாரியாக நாப்கின் வாங்கி அதே ஊர்களில் இலவசமாகக் கொடுக்கும். கொடுப்பவர்களின் எண்ணம் நல்லதுதான். ஆனால் தைத்து வைத்திருப்பதை யாரும் வாங்கமாட்டார்கள். ஒவ்வொருத்தியாக வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். ஆண்டு முடிவில் மெஷின் உறை போட்டுக் கிடக்கும், திட்ட அறிக்கையில் "இத்தனை பெண்களுக்கு வாழ்வாதாரம்" என்று இருக்கும்.

எங்கே இது நிலைத்திருக்கிறது என்று பார்த்தால், பின்னால் நிலையாக வாங்குகிற ஒருவர் இருக்கிறார். உகாண்டாவில் மசாகா அருகே கிராமப்புறத்தில் 2010இல் தொடங்கிய ஆஃப்ரிபேட்ஸ் நிறுவனம் துணி நாப்கின் தைக்கிறது. தைப்பவர்களில் பெரும்பாலோர் அந்தப் பகுதிப் பெண்கள். தொண்டு நிறுவனங்களும் நிவாரண அமைப்புகளும் மொத்தமாக வாங்கியதால்தான் அது தொழிற்சாலையாக வளர முடிந்தது. அதே நாட்டில் மகெரேரே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மோசஸ் முசாசி, பாப்பிரஸ் கோரையையும் கழிவுத்தாளையும் வைத்து மகாபேட்ஸ் என்ற நாப்கினை உருவாக்கினார். அது துணி நாப்கின் அல்ல, தூக்கி எறிவதுதான். ஆனாலும் அதில் உங்களுக்குப் பாடம் இருக்கிறது. கியாகா முகாமில் அகதிகளே அதைத் தயாரித்தார்கள், ஐ.நா. அகதிகள் ஆணையம் அதன் முக்கிய வாடிக்கையாளராக இருந்து வாங்கி முகாம்களுக்குக் கொடுத்தது. எப்படியும் எங்கிருந்தோ வாங்கப்போகிற பொருளை, அதைப் பயன்படுத்தப்போகிறவர்கள் கையாலேயே செய்ய வைத்தார்கள். வாங்கும் இடம்தான் மாறியது.

கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் சிறிய நாப்கின் மெஷினை உருவாக்கி, பெரிய ஆலை இல்லாமலே இதைச் செய்யலாம் என்று காட்டினார். 2016இல் பத்மஸ்ரீ பெற்றார். செய்ய முடியுமா என்ற கேள்விக்கு அவர் எப்போதோ பதில் சொல்லிவிட்டார். இப்போது மிச்சம் இருப்பது வாங்குவீர்களா என்ற கேள்வி. கென்யா 2017இல் கல்விச் சட்டத்தைத் திருத்தி, அரசுப் பள்ளியில் படிக்கும் பருவமடைந்த ஒவ்வொரு மாணவிக்கும் போதுமான, தரமான நாப்கினை இலவசமாகக் கொடுப்பதை அரசின் கடமை ஆக்கியது. இப்படி ஒரு சட்டம் வந்தால் நாட்டிலேயே பெரிய நாப்கின் வாடிக்கையாளர் அரசுதான். அந்த ஆர்டரில் ஒரு பங்கை மட்டும் உள்ளூர்க் குழுக்களுக்கு என்று ஒதுக்கினாலே எத்தனை தையல் கூடங்கள் பிழைக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

"டெண்டர் போடுகிறோமே, நீங்களும் கலந்துகொள்ளலாமே" என்பீர்கள். டெண்டர் விதிகளை எங்கள் இடத்திலிருந்து ஒரு தடவை படித்துப் பாருங்கள். கடந்த மூன்று ஆண்டு விற்றுமுதல் இவ்வளவு இருக்க வேண்டும். முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும். மாவட்டம் முழுக்க, சில நேரம் மாநிலம் முழுக்கத் தேவையான அளவை ஒருவரே கொடுக்க வேண்டும். சரக்கு கொடுத்து மாதக்கணக்கில் கழித்துப் பணம் வரும். பத்துப் பதினைந்து பெண்கள் சேர்ந்து நடத்தும் குழுவால் இதில் ஒன்றைக்கூடத் தாண்ட முடியாது. ஆர்டரைச் சிறு சிறு பங்காகப் பிரியுங்கள். துணி வாங்க முன்பணம் கொடுங்கள். சரக்கு வந்து தரச்சோதனை முடிந்த அன்றே மீதியைக் கொடுங்கள்.

அப்புறம் இன்னொன்று, இதைப் பலரும் கவனிப்பதில்லை. ஒரு நாப்கின் என்ன விலை என்று பார்த்து, குறைந்த விலை சொன்னவருக்கு ஆர்டர் போகிறது. அப்படிப் பார்த்தால் நாங்கள் எப்போதும் தோற்போம். ஒரு துணி நாப்கின் தூக்கி எறியும் நாப்கினைவிடப் பல மடங்கு விலை, அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஒரு பெண்ணுக்கு ஒரு ஆண்டு முழுக்கப் போதுமான அளவு கொடுக்க என்ன செலவு என்று கேளுங்கள். அந்தச் செலவில் கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவையும் குப்பையை அகற்றும் செலவையும் சேருங்கள். விலைப்புள்ளிப் படிவத்தில் அந்த ஒரு பத்தியை மாற்றினால் போதும், எங்களை யாரும் தனியாகத் தூக்கிவிட வேண்டாம்.

தரத்தில் சலுகை கேட்கவில்லை. இந்தியாவில் துவைத்துப் பயன்படுத்தும் நாப்கினுக்கு என்றே 2021இல் ஐ.எஸ். 17514 என்ற தரநிலை வந்திருக்கிறது. உகாண்டாவிலும் இதற்குத் தரநிலை உண்டு. எங்கள் சரக்கை அதன்படி சோதியுங்கள், தேறாததைத் திருப்பி அனுப்புங்கள். பரிசோதனைக் கூடத்தின் கட்டணத்தை மட்டும் ஒவ்வொரு குழுவும் தனித்தனியாகக் கட்ட முடியாது, அதைத் திட்டச் செலவில் வையுங்கள். பி.யு.எல். துணியையும் அப்படித்தான். சிறு குழு கேட்கும் அளவுக்கு மில்காரர்கள் தரமாட்டார்கள். நீங்கள் மொத்தமாக வாங்கிப் பல குழுக்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்தால் விலையும் குறையும், தரமும் ஒரே மாதிரி இருக்கும்.

வரி பற்றியும் சொல்ல வேண்டும். நாப்கினுக்கு வரி போடக் கூடாது என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. கென்யா 2004இலேயே மதிப்புக்கூட்டு வரியை நீக்கியது. இந்தியா 2018 ஜூலையில் ஜி.எஸ்.டி.யை நீக்கியது. ஆனால் வரிவிலக்கு பெற்ற பொருளைத் தயாரிப்பவர், துணிக்கும் நூலுக்கும் பட்டனுக்கும் கட்டிய வரியைத் திரும்பப் பெற முடியாது. வெளிநாட்டிலிருந்து முழு நாப்கினாக வருவதற்கு இந்தச் சுமை இல்லை. இந்தியாவின் நிதி அமைச்சகமே 2017இல் இதைச் சொல்லி, வரியைப் பூஜ்யமாக்கினால் உள்நாட்டுத் தயாரிப்பாளர்களுக்குத்தான் பாதிப்பு என்று வாதிட்டது. தான்சானியா 2018இல் வரியை நீக்கியது, விலை குறையவில்லை என்று சொல்லி 2019இல் மறுபடியும் போட்டது. தைக்கிறவர்களுக்கு நிம்மதி வேண்டுமென்றால் விலக்கு நாப்கினோடு நிற்கக் கூடாது, அதற்குள் போகும் துணிக்கும் நூலுக்கும் வர வேண்டும். உங்களில் அரசோடு பேசும் செல்வாக்கு உள்ளவர்கள் இதைப் பேசுங்கள்.

இதுவரை எங்களுக்காகக் கேட்டேன். இனி அந்தப் பிள்ளைகளுக்காக. துணி நாப்கினை மட்டும் கையில் கொடுத்துவிட்டுப் போனால் அது அவளுக்குக் கெடுதலாகவும் முடியலாம். ஒடிசாவில் பெண்களிடையே நடந்து 2015இல் வெளியான ஆய்வு, தூக்கி எறியும் நாப்கின் பயன்படுத்தியவர்களைவிடத் துணி போன்ற மறுபயன்பாட்டுப் பொருள் பயன்படுத்தியவர்களிடம் பிறப்புறுப்பு, சிறுநீர்ப்பாதைத் தொற்றுகள் கூடுதலாக இருந்ததைக் கண்டது. 2018இல் வெளியான இன்னொரு ஒடிசா ஆய்வு காரணத்துக்கு இன்னும் பக்கத்தில் போனது. துணியை வீட்டுக்குள்ளேயே காயவைத்தவர்களிடமும், கழிப்பறைக்குள் ஒளித்து வைத்தவர்களிடமும் கேண்டிடா என்ற பூஞ்சைத் தொற்று அதிகம் இருந்தது.

துணி நாப்கினுக்காக வாதாடுகிற நாங்கள் இந்த ஆய்வுகளை மூடி மறைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவற்றில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பயன்படுத்தியது வீட்டுப் பழந்துணி, தைத்த நாப்கின் அல்ல என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் வெயில் படாமல், ஈரம் போகாமல் மடித்து வைத்தால் நாங்கள் தைத்ததும் அதே கதிதான். ஒருத்தி ஏன் இருட்டில் காயவைக்கிறாள்? யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதால். ஏன் சரியாகத் துவைப்பதில்லை? தண்ணீர் தூரத்தில் இருக்கிறது, சோப்பு தீர்ந்துவிட்டது, கதவு சாத்திக்கொள்ளும்படி ஒரு இடம் இல்லை. இவற்றைச் சரிசெய்யப் பெரிய கட்டடம் எல்லாம் வேண்டாம். ஸ்பியர் தரநிலைகளில் நாப்கினோடு சேர்த்துச் சொல்லியிருப்பதைப் படியுங்கள்: ஆண்டுக்கு ஆறு உள்ளாடை, மாதத்துக்குக் கூடுதலாக 250 கிராம் சோப்பு, ஊறவைக்க மூடியுள்ள வாளி, உலர்த்தக் கயிறு, கிளிப். உள்ளாடையை விட்டுவிடாதீர்கள். ஜட்டி இல்லாத பிள்ளையிடம் இறக்கை வைத்த நாப்கினைக் கொடுத்து என்ன பயன்? பல திட்டங்களில் இந்த ஒன்றுதான் விடுபடுகிறது, கேட்பதற்கு அந்தப் பிள்ளைக்கும் கூச்சம், எழுதுவதற்கு அதிகாரிக்கும் கூச்சம்.

வடிவமைப்பிலும் ஒரு வழி இருக்கிறது. செலஸ்ட் மெர்கன்ஸ் தொடங்கிய டேஸ் ஃபார் கேர்ல்ஸ் அமைப்பு 2008இல் கென்யாவில் ஒரு ஆதரவற்றோர் இல்லத்துப் பிள்ளைகளுக்கு முதலில் தூக்கி எறியும் நாப்கின்தான் கொடுத்தது. எறிய இடமே இல்லை என்று தெரிந்த பிறகு துணிக்கு மாறியது. பயன்படுத்தும் பிள்ளைகள் சொல்லச் சொல்லப் பல தடவை வடிவத்தை மாற்றினார்கள். இப்போது உறிஞ்சும் பகுதி தனியாக, சதுரத் துணியாக வருகிறது. விரித்துக் கொடியில் போட்டால் கைத்துண்டு மாதிரி இருக்கும், அது நாப்கின் என்று வழியில் போகிறவருக்குத் தெரியாது. கறை தெரியாத அடர்நிறம், பூப்போட்ட துணி. தனியாகப் பிரிவதால் சீக்கிரம் காயவும் செய்யும். வெட்கப்படாதே என்று சொல்வது எளிது. வெட்கம் போகிற வரைக்கும் அவள் உடம்பு காத்திருக்காது, அதற்குள் அவளுக்கு வெயிலில் காயவைக்க ஒரு வழி வேண்டும். இந்த மாதிரி மாற்றங்களை உள்ளூரில் தைக்கும் குழுவால் அடுத்த தொகுதியிலேயே செய்துவிட முடியும். பள்ளியில் பேசிவிட்டு வந்து, "பின்பக்கம் இரண்டு இஞ்ச் நீளம் கூட்டு" என்று கட்டிங் டேபிளில் சொன்னால் முடிந்தது.

துவைக்கும் முறையைப் படமாகப் போட்டுச் செட்டுக்குள் வையுங்கள். முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும், சூடான தண்ணீரில் கறை பிடித்துக்கொள்ளும். சோப்புப் போட்டுக் கசக்கி, சோப்பு போகிற வரை அலசி, வெயிலில் முழுதாகக் காயவைக்க வேண்டும். அயர்ன் செய்யக் கூடாது, அடித்துணியின் பூச்சு கெட்டுவிடும். இதை ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்து, ஒரு நாப்கினைக் கையில் வைத்து, தண்ணீரில் போட்டே காட்ட வேண்டும். அதைக் காட்ட நாங்கள் வருகிறோம். தைத்தவளே வந்து காட்டும்போது பிள்ளைகள் தயங்காமல் கேள்வி கேட்கிறார்கள்.

எல்லோருக்கும் துணிதான் என்று கட்டாயமும் ஆக்கிவிடாதீர்கள். ஸ்காட்லாந்து 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2022 ஆகஸ்டிலிருந்து மாதவிடாய்ப் பொருட்களைத் தேவைப்படும் எவருக்கும் இலவசமாகக் கொடுக்கிறது. அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது, பல வகைப் பொருட்களில் அவரவருக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்க வாய்ப்புத் தர வேண்டும் என்று எழுதியிருப்பதுதான். வெள்ளத்தில் வீடு போனவளுக்கு, தண்ணீர் அளந்து விடும் முகாமில் இருப்பவளுக்கு, பிரசவம் முடிந்து இரத்தம் அதிகமாகப் போகிறவளுக்கு, கையால் துவைக்க முடியாத உடல்நிலை உள்ளவளுக்கு அந்த நேரத்தில் தூக்கி எறியும் நாப்கின்தான் சரி. மாதவிடாய்க் கப், அதாவது உடலுக்குள் வைத்துக் கழுவித் திரும்பப் பயன்படுத்தும் சிறு கிண்ணம், கேட்கிறவளுக்கு அதைக் கொடுங்கள். எங்கள் ஆர்டர் குறைந்தாலும் பரவாயில்லை. ஏழை என்பதால் கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற நிலைமை யாருக்கும் வரக் கூடாது.

கடைசியாக, நாங்கள் செய்வதை எதை வைத்து அளப்பீர்கள் என்பது. "நாப்கின் கொடுத்தால் பள்ளி வருகை கூடும்" என்பதுதான் நிதி கேட்கும் எல்லா விண்ணப்பத்திலும் முதல் வரி. உகாண்டாவில் 8 பள்ளிகளில் 1,124 மாணவிகளிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், துணி நாப்கினோ பருவமடைதல் பற்றிய பாடமோ கிடைத்த பள்ளிகளைவிட எதுவும் கிடைக்காத பள்ளிகளில் வருகை மோசமாகக் குறைந்தது. நேபாளத்தில் மாணவிகளுக்குக் கப் கொடுத்துப் பார்த்து 2011இல் வெளியான ஆய்வில் வருகை மாறவே இல்லை. அங்கே மாதவிடாயால் விடுப்பு எடுப்பதே மிகக் குறைவாக இருந்தது. ஆக, இடத்துக்கு இடம் வேறுபடும். வருகைப் பதிவேட்டில் மாற்றம் தெரியவில்லை என்பதற்காக ஒரு திட்டத்தை நிறுத்திவிடாதீர்கள். வகுப்பில் நிம்மதியாக உட்கார முடிகிறதா, அரிப்பும் புண்ணும் இல்லாமல் இருக்கிறதா, ஓடி விளையாட முடிகிறதா, ஆறு மாதம் கழித்தும் அந்த செட்டைப் பயன்படுத்துகிறாளா என்று அவளிடமே கேளுங்கள். பள்ளிக்கு ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத பிள்ளைக்கும் காய்ந்த, சுத்தமான நாப்கின் வேண்டும்.

அடுத்த நிதியாண்டுக்கான கொள்முதல் பட்டியலை நீங்கள் தயாரிக்கும்போது, டெண்டர் அறிவிப்பு போகும் முன்பு, உங்கள் பகுதியில் தைக்கும் குழுக்களையும் பயன்படுத்தப்போகும் சில பெண்களையும் ஒரே மேசைக்குக் கூப்பிடுங்கள். நாங்கள் மாதிரிகளோடு வருகிறோம். அதைக் கத்தரித்து உள்ளே பாருங்கள், தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பல தடவை துவைத்துப் பாருங்கள். எங்கே கசிகிறது, எங்கே தையல் பிரிகிறது என்று எழுதிக் கொடுங்கள், சரிசெய்து தருகிறோம். எத்தனை செட் வேண்டும், எந்த மாதத்துக்குள் வேண்டும் என்பதை மட்டும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். துணியை வாங்கித் துவைத்துக் காயவைக்கவே எங்களுக்குச் சில வாரம் ஆகும்.

இப்படிக்கு,
துணி நாப்கின் தைக்கும் பெண்களில் ஒருத்தி